காசு காசாய்ச் சேர்த்தவர்: மேகி லீனா வாக்கர் அம்மையார் வரலாறு

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தருமாறு நம்மைப் பணித்தபோது, யாரைப் பற்றி எழுதுவது என்று சில நாள் எண்ணிப் பார்த்தோம். அண்ணல் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசனார் ஆகியோருடைய வரலாறுகளை நம் இளைஞர்கள் ஓரளவேனும் அறிவார்கள். கல்வியின் அருமையும் உரிமையின் அருமையும் நம் கூட்டங்களில் நாள்தோறும் பேசப்படுகின்றன. பணத்தைப் பற்றிப் பேசத்தான் நமக்கு ஏனோ கூச்சமாக இருக்கிறது. கூலியாய் வந்த காசு எந்த வழியே போகிறது, அதில் ஒரு பங்கை நிறுத்தி வைப்பது எப்படி, நம்மவர் ஒருவர் கடை வைத்தால் அது ஏன் நிலைப்பதில்லை என்பன போன்ற கேள்விகளை நாம் வீட்டுத் திண்ணையில் பேசுவோமேயன்றி, மேடையில் பேசுவதில்லை. இக்கேள்விகளையே தம் வாழ்நாள் முழுவதும் மேடையில் பேசி, பேசியதைச் செய்தும் காட்டிய ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்கு எழுத முற்படுகிறோம். அவர் நம் நாட்டினர் அல்லர். அமெரிக்காவின் தென்பகுதியில், அடிமைகளாய் வாழ்ந்த கறுப்பின மக்களிடையே தோன்றியவர்.

மேகி லீனா வாக்கர் அம்மையார் வர்ஜீனியா மாநிலத்தின் தலைநகராகிய ரிச்மண்டில் பிறந்தார். பிறந்த ஆண்டு 1867 என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. 1864ஆம் ஆண்டு ஜூலை 15 என்பதே சரி என்று பிற்கால ஆய்வு காட்டியுள்ளது. இம்மூன்றாண்டு வேறுபாடு சிறியதன்று. 1864இல் உள்நாட்டுப் போர் இன்னும் முடியவில்லை. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களுக்கு ரிச்மண்டே தலைநகராக இருந்தது. தாயார் எலிசபெத் டிரேப்பர் முன்னர் அடிமையாய் இருந்தவர். எலிசபெத் வான் லூ என்னும் செல்வச் சீமாட்டியின் மாளிகையில் சமையற்கட்டில் பணி செய்தார். அச்சீமாட்டி வெள்ளையரே எனினும் அடிமை முறையை வெறுத்தவர். போர்க்காலத்தில் வடதிசை அரசுக்கு உளவுச் செய்திகளை அனுப்பி வந்தவர். குழந்தையின் தந்தை ஒரு வெள்ளையர். அவர் தாயாரை மணந்துகொள்ளவில்லை. பின்னர் அதே மாளிகையில் பணியாற்றிய வில்லியம் மிச்சல் என்பவரைத் தாயார் மணந்தார். 1865ஆம் ஆண்டின் இறுதியில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. அச்செய்தி கடல் கடந்து நம் நாட்டையும் எட்டியது; மகாத்மா சோதிராவ் பூலே 1873இல் வெளியிட்ட தம் ‘குலாம்கிரி’ நூலை அடிமைத்தளையை அறுக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார் என்பதை நம் இளைஞர்கள் நினைவிற் கொள்ளலாம்.

மிச்சல் நகரத்து உணவு விடுதி ஒன்றில் பரிமாறுவோர்களுக்குத் தலைவராக உயர்ந்தார். குடும்பம் தனி வீட்டில் வாழத் தொடங்கியது. அந்த நற்காலம் நீடிக்கவில்லை. 1876இல் அவர் உடல் ஜேம்ஸ் ஆற்றில் கண்டெடுக்கப்பட்டது. தற்கொலை என்று அதிகாரிகள் முடிவு கட்டினர். கொலை என்றே குடும்பத்தார் நம்பினர். மேகிக்கு அப்போது பன்னிரண்டு வயதும் நிரம்பவில்லை. கைக்குழந்தைப் பருவத்தைக் கடந்த தம்பி ஒருவனும் இருந்தான். தாயார் வெள்ளையர் வீட்டுத் துணிகளை எடுத்து வந்து வெளுத்துக் கொடுக்கும் தொழிலில் இறங்கினார். துணிக்கூடையைச் சுமந்து சென்று வீடுவீடாய்க் கொடுத்து, அழுக்குத் துணியை வாங்கி வருவது சிறுமியின் வேலையாயிற்று. எத்தனை உருப்படி கொடுத்தார்கள், எத்தனை திரும்பிப் போயின, எவர் கூலி தந்தார், எவர் அடுத்த வாரம் தருவதாகச் சொன்னார் என்று நினைவில் வைத்தாக வேண்டிய தொழில் அது. பிற்காலத்தில் ஒரு வங்கியின் பேரேடுகளைக் கட்டிக் காத்தவர் கணக்கு என்பதை முதன்முதலில் அந்தக் கூடையிலேதான் கற்றார் என்று நாம் கருதுகிறோம்.

இங்கே இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்லியாக வேண்டும். இதை விட்டுவிட்டால் அம்மையார் பின்னாளில் செய்தவற்றின் அருமை விளங்காது. விடுதலை பெற்ற மக்கள் தம் சேமிப்பை இட்டுவைக்க 1865இல் அமெரிக்க நாடாளுமன்றச் சட்டத்தின்படி ஒரு சேமிப்பு வங்கி தொடங்கப்பெற்றது. தென் மாநிலங்கள் எங்கும் அதன் கிளைகள் திறக்கப்பட்டன. ரிச்மண்டிலும் ஒரு கிளை இருந்தது. அரசாங்கமே பொறுப்பு என்று எண்ணி, பருத்திக் காட்டுக் கூலிகளும் படைவீரர்களும் சலவைப் பெண்களும் தங்கள் காசை அதில் இட்டனர். உண்மையில் அரசாங்கம் எந்தப் பொறுப்பையும் ஏற்கவில்லை. வங்கியை நடத்திய வெள்ளைக் கனவான்கள் அப்பணத்தை மனை வாணிகத்திலும் வேண்டியவர்களுக்குக் கடன் கொடுப்பதிலும் இறைத்தனர். கணக்கேடுகள் அலங்கோலமாய்க் கிடந்தன. 1873இல் நாட்டில் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டது. கறுப்பின மக்களின் பெருந்தலைவராகிய பிரெடெரிக் டக்ளஸ் அவர்களைக் கடைசி நேரத்தில் தலைவராக அமர்த்தினர். அவர் தம் சொந்தப் பணம் 10,000 டாலரைப் போட்டும் வங்கியைக் காப்பாற்ற இயலவில்லை. 1874ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கதவு மூடப்பட்டது. 61,000க்கு மேற்பட்டோர் இட்டிருந்த ஏறத்தாழ 30 இலட்சம் டாலர் அதற்குள் சிக்கிக்கொண்டது. சிலருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு பகுதி கிடைத்தது. பலருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. வங்கி என்ற சொல்லைக் கேட்டாலே அஞ்சும் ஒரு தலைமுறை இவ்வாறு உருவாயிற்று. அந்தத் தலைமுறையிடம்தான் அம்மையார் பின்னொரு நாள் சென்று, உங்கள் காசை என்னிடம் தாருங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது.

மேகி படிப்பில் கெட்டிக்காரர். 1883இல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் தேறினார். வெள்ளை மாணவர்களுக்குப் பட்டமளிப்பு விழா நகர நாடக அரங்கில் நடக்கும். கறுப்பின மாணவர்களுக்குத் தேவாலயத்தில் நடக்கும். ஒரே வரி கட்டும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு இருவேறு இடம் ஏன் என்று கேட்டு, அவ்வாண்டு தேறிய மாணவர்கள் தேவாலயத்திற்குப் போக மறுத்தனர். இறுதியில் பள்ளிக் கட்டடத்திலேயே விழா நடந்தது. பின்னர் மூன்றாண்டுக் காலம் ஆசிரியையாகப் பணியாற்றினார். அந்தச் சம்பளத்தோடு அவர் நின்றுவிடவில்லை. மகளிர் நடத்திய காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்குப் பகுதி நேர முகவராக உழைத்துத் துணை வருமானம் தேடிக்கொண்டார், கணக்கியலும் பயின்றார். மணமான பெண்கள் ஆசிரியப் பணியில் இருத்தலாகாது என்பது அந்நாளைய விதி. 1886இல் ஆர்ம்ஸ்டெட் வாக்கர் என்னும் கட்டட ஒப்பந்தக்காரரை மணந்ததும் பள்ளிப் பணி போயிற்று. கற்ற கணக்கு மட்டும் கையோடு இருந்தது.

மாணவியாய் இருந்தபோதே அவர் தூய லூக்கா சங்கம் என்னும் பரஸ்பர உதவிச் சங்கத்தில் உறுப்பினராகியிருந்தார். மேரி பிரௌட் என்னும் கறுப்பினப் பெண்மணி பால்டிமோர் நகரில் தோற்றுவித்த சங்கம் அது. ஒவ்வொருவரும் மாதந்தோறும் சிறு சந்தா செலுத்துவர். எவரேனும் நோயுற்றால் சங்கம் பண உதவி செய்யும், உறுப்பினர்கள் போய்ப் பார்த்துப் பணிவிடை செய்வர். இறந்தால் மானத்தோடு அடக்கம் செய்யச் செலவுத் தொகை கொடுக்கும். எளிய மக்கள் கடனில் விழுவது பெரும்பாலும் நோயாலும் சாவாலும்தான் என்பதை நாம் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அம்மையார் இச்சங்கத்தில் படிப்படியாக உயர்ந்தார். 1895இல் அவர் முயற்சியால் சிறுவர் பிரிவு ஒன்று ஏற்பட்டது.

1899இல் சங்கத்தின் தலைமைச் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. வந்தது என்பதைவிட, வேறு எவரும் ஏற்க விரும்பாத சுமை அவர் தலையில் ஏற்றப்பட்டது என்பதே பொருந்தும். கருவூலத்தில் இருந்தது 31 டாலர் 61 சென்ட். கட்ட வேண்டிய கடன் ஏறத்தாழ 400 டாலர். அவருக்கு முன் இருந்தவர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே அவருக்கு ஊதியமாகக் கிடைத்தது. மாதம் ஏறத்தாழ எட்டு டாலர் என்று கணக்காகும். அம்மையார் முதலில் புத்தகங்களைச் சரிசெய்தார். பின் ஊர் ஊராய்ப் பயணம் செய்து, உறங்கிக் கிடந்த கிளைகளை எழுப்பினார். புதிய உறுப்பினர்களைச் சேர்த்தார்.

1901ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் அவர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். சங்கத்திற்கென ஒரு செய்தித்தாள், ஒரு சேமிப்பு வங்கி, பெண்களுக்கு வேலை தரும் ஒரு தொழில் நிலையம் ஆகியவை வேண்டும் என்பது அதன் சாரம். அன்றைய ரிச்மண்டில் கூலி வேலை செய்த கறுப்பினப் பெண்களுக்குக் கிடைத்தவை மிகப் பெரும்பாலும் வீட்டு வேலை, சலவை, புகையிலைத் தொழிற்சாலையில் காம்பு கிள்ளும் வேலை ஆகிய இவையே. படித்த பெண்ணுக்கு ஆசிரியப் பணி உண்டு. மணமானால் அதுவும் இல்லை. ஆதலின் தம் மக்களின் பணத்தைத் தம் மக்களிடையே சுற்றச் செய்து, அதிலிருந்தே வேலைகளைத் தோற்றுவிப்பது என்பது அம்மையாரின் எண்ணம். 1902இல் செய்தித்தாள் வெளிவந்தது. அதே ஆண்டில் வர்ஜீனியாவின் புதிய அரசியலமைப்பு தலைவரியையும் எழுத்தறிவுத் தேர்வையும் புகுத்தி, கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தது. வாக்குச் சீட்டு கையை விட்டுப் போன ஆண்டில் அம்மையார் வங்கிக்கு அடிக்கல் தேடிக்கொண்டிருந்தார். வாக்குரிமை போனால் போகட்டும், பணம் போதும் என்று அவர் எண்ணியவர் அல்லர். 1920இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தபோது ரிச்மண்டின் கறுப்பினப் பெண்களைத் திரட்டிப் பதிவு செய்வித்தவர்களுள் அவரும் ஒருவர். இதை இங்கேயே சொல்லி வைக்கிறோம். ஏனெனில் பொருளைத் தேடு, உரிமையைப் பிறகு பார்க்கலாம் என்று நம்மிடம் உபதேசம் செய்வோர் இன்றும் உண்டு.

வங்கி திறக்கும் முன் அவர் செய்தது ஒன்று நம் மனத்தைக் கவர்கிறது. ரிச்மண்டில் வெள்ளையர் நடத்திய வங்கி ஒன்றில் இசைவு பெற்று, சில மாதங்கள் நாள்தோறும் சில மணி நேரம் உட்கார்ந்து, பணம் வாங்குவது, கொடுப்பது, வட்டி கணிப்பது, கடன் மனுவை ஆய்வது ஆகியவற்றைப் பார்த்துப் பழகினார். ஒரு பெரிய சங்கத்தின் தலைமைச் செயலாளர், நாற்பதை நெருங்கும் வயதினர், மாணவிபோல் மூலையில் அமர்ந்து தொழில் கற்றார்.

1903ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் தூய லூக்கா பென்னி சேமிப்பு வங்கி திறக்கப்பெற்றது. பென்னி என்பது நூறு கூடி ஒரு டாலராகும் செப்புக் காசு. சில்லறைக் காசுக்காரர்களுக்கே உரிய வங்கி என்பது பெயரிலேயே விளங்கிற்று. அன்று முந்நூறு பேரளவில் வந்து கணக்குத் தொடங்கினர். இருப்பும் பங்குத் தொகையுமாக ஒன்பதாயிரம் டாலருக்கு மேல் சேர்ந்தது. நூறு டாலர் கொண்டு வந்தவர்களும் இருந்தனர். 31 சென்ட் மட்டும் கொடுத்துக் கணக்குத் தொடங்கியவர் ஒருவரும் இருந்தார். அவர் யார் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் முன்பு மூடப்பட்ட அந்த வங்கியை அறிந்த ஊரில், அவர் அந்தக் காசை மேசைமேல் வைக்க எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கிறோம். அமெரிக்காவில் ஒரு வங்கியை நிறுவி அதன் தலைவராகவும் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண்மணி என்று அம்மையார் போற்றப்படுகிறார்.

சிறுவர் பிரிவுப் பிள்ளைகளுக்குச் சிறு உண்டியல்கள் கொடுக்கப்பட்டன. ஒரு டாலர் சேர்ந்தவுடன் அதை வங்கிக்குக் கொண்டுவந்து தம் பெயரிலேயே கணக்குத் தொடங்க வேண்டும். அவர்களுக்குக் காசு எங்கிருந்து வந்தது? செய்தித்தாள் விற்றார்கள், வீட்டு முற்றத்துப் புல்லை வெட்டினார்கள், கடைகளுக்கு ஏவல் வேலை பார்த்தார்கள், சனிக்கிழமைகளில் கடைகளில் நின்றார்கள். இப்படி உழைத்து நூறு டாலரும் அதற்கு மேலும் சேர்த்த பிள்ளைகள் பலர் இருந்ததை அம்மையார் பெருமையோடு கூறுவார். பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவர்களை அவர் பாராட்டவில்லை என்பதையும் நம் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். படிப்பின் இடையே கிடைத்த நேரத்து உழைப்பையே அவர் பாராட்டினார்.

அவர் அடிக்கடி எடுத்துச் சொன்ன இன்னொரு செய்தி, ஒற்றைக் காலுடைய ஓர் இளைஞனைப் பற்றியது. தெருவோரத்தில், வெயிலிலும் மழையிலும், வாடகைக்கு எடுத்த ஒரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வருவோர் போவோர் காலணிகளுக்கு மெருகு போட்டுப் பிழைத்தவன். அவன் சங்கத்தில் சேர்ந்தான். சேமிக்கும் வழியை அவனுக்குக் காட்டினார்கள். கையில் 50 டாலர் சேர்ந்தபோது, மூன்று நாற்காலிகள் போடத்தக்க ஒரு சிறு இடத்தை வாடகைக்குப் பிடிக்க உதவினார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து அவனுக்குப் பன்னிரண்டு நாற்காலிகளுடன் சொந்தக் கடை இருந்தது. தாய்க்கு 1,900 டாலரில் ஒரு வீடு வாங்கிக் கொடுத்தான். அதன்மேல் கடன் ஏதும் இல்லை. வங்கியில் அவன் கணக்கு 500 டாலருக்குக் கீழ் இறங்குவதில்லை. இந்த வரலாற்றில் நாம் நின்று நோக்க வேண்டிய இடம் அந்த 50 டாலர். இடத்திற்கு உதவி கேட்டு அவன் வந்தபோது கையில் ஒன்றுமில்லாமல் வரவில்லை. சேமித்த பழக்கத்தையே ஈடாகக் கொண்டு வந்தான். ஒரு நாற்காலியிலிருந்து நேரே பன்னிரண்டுக்குத் தாவவும் இல்லை. முதல் போடுகிறோம் என்று நகையை விற்றும் வட்டிக்கு வாங்கியும் முதல் நாளிலேயே பெரிய கடை திறந்து, ஓராண்டில் இழுத்து மூடிய தம்பிமார்களை நாம் கண்டிருக்கிறோம்.

வங்கி வீடு வாங்கவும் கடன் கொடுத்தது. 1920ஆம் ஆண்டுக்குள் அறுநூறுக்கு மேற்பட்ட கறுப்பினக் குடும்பங்கள் அதன் உதவியால் சொந்த வீடு பெற்றிருந்தன. வாடகையாகப் போன பணம் தவணையாகிச் சொத்தாயிற்று.

இனி, அம்மையார் தோற்ற இடத்திற்கு வருகிறோம். வெள்ளி விழா மலர்களில் வெற்றிகளை மட்டும் எழுதுவது வழக்கம். ஆயினும் இந்தத் தோல்வியில் நமக்குக் கற்க மிகுதியாக உள்ளது. 1905இல் ரிச்மண்டின் தலைமைக் கடைத்தெருவாகிய பிராடு வீதியில், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில், தூய லூக்கா எம்போரியம் என்னும் பெருங்கடை திறக்கப்பெற்றது. துணிமணிகளும் வீட்டுப் பொருள்களும் அங்கு விற்கப்பட்டன. விற்பனைப் பணியில் கறுப்பினப் பெண்கள் அமர்ந்தனர். அதுவரை கடைத்தெருவில் அவர்களுக்குத் துடைப்பம் பிடிக்கும் வேலைக்கு மேல் கிடைத்ததில்லை. வெள்ளை வணிகர்கள் கலக்கமுற்றனர். முதலில் கட்டடத்தைக் கூடுதல் விலைக்குக் கேட்டனர். பிறகு, திட்டத்தையே கைவிட்டால் 10,000 டாலர் ரொக்கம் தருவதாகவும் கூறப்பட்டது. அம்மையார் இணங்கவில்லை. உடனே வணிகர்கள் தமக்குள் ஒரு சங்கம் அமைத்து, இக்கடைக்குச் சரக்கு அனுப்பினால் எங்கள் வாணிகத்தை இழப்பீர்கள் என்று மொத்த வியாபாரிகளை அச்சுறுத்தினர். சரக்கு வருவது கடினமாயிற்று.

அண்ணல் அம்பேத்கர் வாழ்க்கையிலும் இதை ஒத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்காவிலும் இலண்டனிலும் பயின்று 1917இல் திரும்பிய பின், பம்பாயில் பங்கு வாணிகம் செய்வோருக்கு ஆலோசனை கூறும் நிலையம் ஒன்றை அவர் தொடங்கினார். அவர் சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர் வருவது நின்றது, நிலையமும் நின்றது. உலகப் புகழ் பெற்ற பொருளாதாரப் படிப்பும் சாதியின் முன் செல்லவில்லை. ஆகவே, திறமை இருந்தால் எந்தத் தொழிலும் நடக்கும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறவர்களோடு நாம் உடன்பட இயலாது.

ஆயினும் எம்போரியத்தை மூடியது வெள்ளையர் பகை மட்டுமன்று. சொந்த மக்களே போதிய அளவில் அங்கு வரவில்லை. வெள்ளையர் கடையில் பின்வாசல் வழியாகச் சென்று, உடுப்பைப் போட்டுப் பார்க்கவும் அனுமதியின்றி, அதே காசைக் கொடுத்துவிட்டு வருவதில் ஒரு பெருமை அவர்களுக்கு இருந்தது. அம்மையார் 1906இல் ஆற்றிய உரை ஒன்றில் இன வெறியை ஒரு சிங்கத்திற்கு ஒப்பிட்டார். நம்மைக் கடிக்கும் சிங்கத்திற்கு நாமே நம் கூலிக் காசால் தீனி போடுகிறோம் என்னும் கருத்துப்பட ஆண்களை நோக்கிக் கடிந்து பேசினார். பேச்சைக் கேட்டுக் கைதட்டினார்கள். கடைக்கு வந்தவர்கள் குறைவு. ஏழு ஆண்டுகள் நிறையும் முன்பே எம்போரியம் மூடப்பட்டது. அம்மையார் மீதும் ஒரு குறை சொல்ல நமக்குத் தோன்றுகிறது. மெருகு போடும் அந்த இளைஞனுக்கு மூன்று நாற்காலியில் தொடங்கச் சொன்னவர், தாம் கடை வைக்கும்போது மூன்று மாடியில் தொடங்கினார். நகரத்தின் நடு வீதியில் தம் மக்கள் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசையே அதற்குக் காரணம் என்று அறிவோம். அந்த ஆசையைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. இருப்பினும் கணக்கு வேறு, ஆசை வேறு.

பணத்தைக் கொடுக்காமல் நிறுத்துவதன் வலிமையை அவர் வேறோர் இடத்தில் காட்டினார். 1904இல் ரிச்மண்டின் டிராம் வண்டிகளில் இனம் பிரித்து உட்கார வைக்கப் போவதாக நிறுவனம் அறிவித்தது. அம்மையாரின் செய்தித்தாளும் நகரின் மற்றத் தலைவர்களும் நடந்து செல்லுமாறு மக்களை வேண்டினர். மக்கள் மாதக்கணக்கில் நடந்தனர். அவ்வாண்டே அந்நிறுவனம் கடனில் மூழ்கி, நீதிமன்றம் அமர்த்திய பொறுப்பாளர் கைக்குச் சென்றது. அதற்கு நடந்து சென்றது மட்டுமே காரணம் என்று கூறலாகாது. முந்திய ஆண்டின் வேலைநிறுத்தமும் அதை வலுவிழக்கச் செய்திருந்தது. எனினும் இரண்டாண்டில் மாநிலச் சட்டமே இனப் பிரிவினையைக் கட்டாயமாக்கிவிட்டது.

ரிச்மண்டில் கறுப்பின மக்களுக்கு வேறு வங்கிகளும் இருந்தன. உண்மைச் சீர்திருத்தக்காரர் சங்கம் என்னும் பெருஞ்சங்கத்தின் வங்கி 1889இலேயே திறக்கப்பட்டது. பெரும் புகழ் பெற்றது. சங்கத்தின் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் வங்கிப் பணமே கடனாய்ப் போயிற்று. காசாளர் கையாடலும் செய்தார். 1910இல் அது விழுந்தது. செய்தியாசிரியராகப் புகழ்பெற்ற ஜான் மிச்சல் நடத்திய வங்கி 1922இல் மூடப்பட்டது. தூய லூக்கா வங்கி மட்டும் நின்றது. 1910இல் வந்த சட்டம் உதவிச் சங்கங்களையும் வங்கிகளையும் தனித்தனியே பிரிக்கச் சொன்னபோது, அம்மையார் தயங்காமல் பிரித்தார். சங்கத்தின் கணக்கு வேறு, வங்கியின் கணக்கு வேறாயிற்று. அரசு ஆய்வாளர் வந்து ஏடுகளைப் புரட்டுவதை அவமானமாக எண்ணாமல், எளியவர் காசுக்குக் காவலாக எண்ணினார். நம் சங்கங்களில் கணக்குக் கேட்பவரைப் பகைவராகப் பார்க்கும் வழக்கம் இருப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இவ்வளவு நடந்த காலத்தில் அவர் வீடு அமைதியாய் இருந்ததில்லை. ஓர் ஆண் குழந்தை கைக்குழந்தையாகவே இறந்தது. அம்மையார் கீழே விழுந்து முழங்காலில் பட்ட அடி வாழ்நாள் முழுவதும் தொல்லை தந்தது. 1915ஆம் ஆண்டு ஜூன் மாதத்து இரவு ஒன்றில், வீட்டுத் தாழ்வாரத்தில் நின்ற தந்தையைத் திருடன் என்று தவறாக எண்ணி மூத்த மகன் ரசல் சுட்டுவிட்டார். கணவர் இறந்தார். மகன்மீது கொலை வழக்கு நடந்தது. குற்றமற்றவர் என்று முடிவாயிற்று. கணவரை இழந்த துயரோடு மகனைக் காக்கும் வழக்கையும் நடத்த வேண்டியிருந்த அந்த நாட்களில், அம்மையாரைப் பதவியிலிருந்து இறக்கச் சங்கத்திற்குள்ளேயே சிலர் முயன்றனர். உறுப்பினர்கள் அவரை விடவில்லை. ரசல் மனம் நொந்தே வாழ்ந்து 1923இல் காலமானார். இவற்றுக்கிடையே 1921இல் மாநிலக் கல்வித் தலைமை அதிகாரி பதவிக்கும் அம்மையார் தேர்தலில் நின்றார், தோற்றார். சங்கமோ வளர்ந்துகொண்டே இருந்தது. 31 டாலரோடு அவர் ஏற்ற சங்கம் 1924இல் 50,000 உறுப்பினர்களைக் கடந்திருந்தது.

1928 அளவில் அவரால் நடக்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே வேலை பார்த்தார். லீ வீதியில் இருந்த வீட்டில் மின்தூக்கி ஒன்று அமைத்துக்கொண்டார். நாற்காலியோடு ஏறத்தக்கவாறு மோட்டார் வண்டியையும் மாற்றிக்கொண்டார். அடுத்த ஆண்டில் உலகையே ஆட்டிய பொருளாதார மந்தம் வந்தது. தனித்து நின்றால் சிறு வங்கிகள் எல்லாம் விழும் என்று கண்ட அம்மையார், போட்டியாய் இருந்த மற்றொரு கறுப்பின வங்கியோடு தம் வங்கியை இணைத்தார். 1931இல் மூன்றாவது வங்கியும் சேர்ந்தது. தாம் பெற்ற பிள்ளைபோல் வளர்த்த வங்கியின் பெயர் மறைந்து கன்சாலிடேட்டட் வங்கி என்னும் புதுப்பெயர் வந்ததை அவர் பெரிதாக எண்ணவில்லை. இயக்குநர் குழுவின் தலைவராக இருந்தார். ஆயிரக்கணக்கான அமெரிக்க வங்கிகள் மூடிய அந்த ஆண்டுகளில், எளிய மக்களின் கணக்குகள் இருந்த அந்த வங்கி தப்பிப் பிழைத்தது.

1934ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் அம்மையார் காலமானார். வங்கி கறுப்பின மக்கள் கையிலேயே 2005ஆம் ஆண்டு வரை நடந்தது. அவ்வாண்டு வேறொரு நிறுவனம் அதை வாங்கியது. லீ வீதி வீடு 1978இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டு, பின்னர்ப் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. அவருடைய பெருங்கடை மூடப்பட்ட அதே பிராடு வீதியில் 2017ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள், அவர் பிறந்த நாளன்று, வெண்கலச் சிலை ஒன்று நிறுவப்பட்டது. அச்சிலையில் அம்மையார் கையில் காசோலைப் புத்தகத்தோடு நிற்கிறார்.